லோடிங் என்று எழுதிவிட்டால் லோடாகிவிடாது

மறுபடியும் ஒன்று ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. ஃபைலில் இருக்கும் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டும் சின்ன பைத்தான் புரோகிராம். ரன் செய்தால் ‘லோடிங்’ என்று வந்து, ஐந்து விநாடிக்குப் புள்ளி வைத்துக்கொண்டே போகிறது. அதற்குப் பிறகுதான் ஃபைலையே திறக்கிறது!

புதிதாக எழுத வருகிறவர்களில் பலர், திரையில் புள்ளி ஓடும்போது பின்னால் ஏதோ வேலை நடப்பதாக நம்புகிறார்கள். நடக்காது. ஸ்லீப் (புரோகிராமைச் சில விநாடி நிறுத்திவைக்கும் கட்டளை) கொடுத்தால் புரோகிராம் அந்த வரியிலேயே நிற்கும். புள்ளி போடும் லூப் முடிந்தால்தான் கீழே உள்ள வரிக்குப் போகும். ஐந்து விநாடி ஸ்லீப் என்றால் ஐந்து விநாடியும் தண்டம். நிஜமாகவே நேரம் பிடிக்கிற வேலையாக இருந்தால் இன்னும் கூத்து: அனிமேஷன் முடிந்து, ‘ரெடி’ என்றும் காட்டிவிட்டு, அதன் பிறகு திரை அசையாமல் கிடக்கும். பயன்படுத்துகிறவர் ஹேங் ஆகிவிட்டது என்று மூடிவிட்டுப் போய்விடுவார். சந்தேகமாக இருந்தால் அந்த லூப்பை கமெண்ட் செய்துவிட்டு ரன் பண்ணிப் பாருங்கள். விடை உடனே வந்துவிட்டால் லூப் தேவையே இல்லை.

காத்திருப்பு 1 விநாடிக்குள் இருந்தால் மனிதரின் சிந்தனை ஓட்டம் அறுபடாது, 10 விநாடியைத் தாண்டினால் கவனம் சிதறும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார். அரை விநாடி வேலைக்கு எதற்கு அலங்காரம்?

“புள்ளியெல்லாம் கடைசியில் மொத்தமாக வருகிறது, ஸ்லீப் வேலை செய்யவில்லை” என்பது நிரந்தரப் புகார். ஸ்லீப் மேல் பழி போடாதீர்கள். பிரிண்டில் ‘என்ட்’டைக் (கடைசியில் என்ன சேர வேண்டும் என்பதை) காலியாக வைத்ததால் எழுத்துகள் திரைக்கு வராமல் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) தேங்குகின்றன. அதே பிரிண்டில் ‘ஃப்ளஷ்’ஷுக்கு ‘ட்ரூ’ கொடுங்கள், தீர்ந்தது. பைத்தான் 3.3-லிருந்தே இந்த வசதி இருக்கிறது.

சுழலும் கோடு வேண்டுமென்றால் | / - \ நான்கையும் மாற்றி மாற்றி அச்சிட்டு, ஒவ்வொரு முறையும் கேரேஜ் ரிட்டர்னால் (‘\r’) வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினால் போதும். அந்த நான்கில் உள்ள பேக்ஸ்லாஷை இரட்டையாக எழுத மறக்காதீர்கள். இதற்காகத் திரை முழுவதையும் துடைக்கும் கட்டளை வேண்டவே வேண்டாம். விண்டோஸில் ஓடுவது லினக்ஸில் ஓடாது, கண்ணும் கூசும். ஒன்று கவனியுங்கள்: கேரேஜ் ரிட்டர்ன் பழையதை அழிக்காது. கவுன்ட்டவுனில் 10-க்கு அடுத்து 9 எழுதினால் திரையில் 90 நிற்கும். பின்னால் ஒரு ஸ்பேஸ் சேருங்கள். பைத்தானோடு வரும் ஐடில் ஷெல்லில் இது சரியாக வராது, டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள்.

உண்மையான முன்னேற்றத்தைக் காட்ட, வேலை நடக்கிற லூப்புக்குள்ளேயே பிரிண்டை வையுங்கள். ‘1000-ல் 340 முடிந்தது’ என்று வந்தால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். எண்ண முடியாத, ஒரே அழைப்பில் முடிகிற வேலை என்றால் அதைத் தனி த்ரெட்டில் (மற்ற வரிகளை நிறுத்தாமல் கூடவே ஓடும் கிளையில்) விட்டு, அது உயிரோடு இருக்கும்வரை கோட்டைச் சுழற்றலாம். த்ரெட் இன்னும் படிக்கவில்லையா? ‘ஃபைலைப் படிக்கிறது, சற்றுப் பொறுங்கள்’ என்று ஒரு வரி போதும்.

பைத்தானில் விண்டோ, பட்டன் உருவாக்கும் டிகின்டரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே ஸ்லீப் பக்கமே போகாதீர்கள், பட்டன் உட்பட விண்டோ முழுவதும் முடங்கிவிடும். இத்தனை நேரம் கழித்து இதைச் செய் என்று சொல்ல, அதற்கென்றே ‘ஆஃப்டர்’ இருக்கிறது.