பெர்மிட் மேசையில், டிடெக்டர் அலமாரியில்

சாய ஆலை ஒன்றில் பாதுகாப்பு ஆடிட். கழிவுநீர் டேங்குக்குள் இறங்க அனுமதி தரும் பெர்மிட் ஃபைல் பளிச்சென்று இருந்தது. அன்றைய தாளில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு 0 என்று எழுதி, மூன்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. "டிடெக்டரைக் காட்டுங்க" என்றேன், வாயுவை அளக்கும் கருவி அது. சூப்பர்வைசர் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். சார்ஜ் இல்லை.

கழிவுநீர் டேங்குக்கு ஓடினோம். காண்டிராக்டரின் ஆள் ஒருவர் ஏணியில் கால் வைத்திருந்தார். இடுப்பில் கயிறு இல்லை. "போன மாசமும் நான்தான் சார் இறங்கினேன், ஒண்ணும் ஆகல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. போன மாதம் சேறு நான்கு நாள்தான் தேங்கியிருந்தது. இந்த முறை பம்ப் பழுதாகி மூன்று வாரம்.

சாயமேற்றப் போடும் உப்பில் சல்பேட் உண்டு. காற்றுப் படாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தங்கும். மேன்ஹோல் வாயில் பிடித்த ரீடிங்கை நம்பி இறங்கக் கூடாது. மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் வேலை முடிந்துவிடுவதில்லை. சேற்றுக்குள் சிறைப்பட்ட வாயு மண்வெட்டி பட்டதும்தான் கிளம்பும். ஆகவே டிடெக்டர் இறங்குபவரின் மார்பில் இருக்க வேண்டும், உள்ளே காற்றடிக்கும் புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். (ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது சில இடங்களில் பழக்கம். தயவுசெய்து வேண்டாம், ஒரு தீப்பொறி போதும்.)

"நாத்தம் வந்தா ஏறிடுவோம்" என்கிறார்கள். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியாக வேலை செய்வார்கள். 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார்.

சாய்ந்தவரைப் பார்த்ததும் அண்ணனோ தம்பியோ கூட வேலை செய்பவரோ குதித்துவிடுகிறார்கள். டேங்க் போன்ற அடைபட்ட இடங்களில் நேரும் மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எழுதியது. டிரைபாடும் (மேலே நிறுத்தும் முக்காலி) வின்ச்சும் (கயிறு சுற்றும் கருவி) ஹார்னஸும் (உடலில் மாட்டும் வார்ப்பட்டை) இருந்தால் யாரும் உள்ளே இறங்காமலே தூக்கிவிடலாம்.

இதில் எதுவும் புதிதில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது: சோதித்துப் பார்த்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும்; இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கயிறு பிடிப்பவரை டீ வாங்கிவர அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்று டிடெக்டரை சார்ஜ் செய்து அடிவரை குழாய் விட்டோம். அலாரம் அலறியது. ஏணியில் கால் வைத்திருந்தவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு நான் போகும் ஆலைகளில் பெர்மிட் புத்தகத்தை அலுவலகத்தில் வைக்க விடுவதில்லை. டேங்க் ஓரத்திலேயே தொங்குகிறது. ஆங்கிலத் தாளில் யாரோ எழுதி, ஒடிசாவிலிருந்து வந்தவரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இறங்கப் போகிறவரே ரீடிங்கைப் பார்த்து, தன் மொழியில் எழுதுகிறார். ஒடியாவில் எழுதிய தாள்கள் ஃபைலில் இருக்கின்றன. ஆடிட்டருக்கு வேண்டுமானால் படித்துச் சொல்ல ஆள் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.