லீஸ் கார் ஓட்டுகிறீர்களா? காப்பீடு யார் பெயரில் என்று பாருங்கள்

மதுரை பாண்டிகோவில் அருகே ரிங் ரோட்டில் ஒரு லாரி பின்னால் வந்து தட்டியதில் ஒரு லீஸ் காரின் டிக்கி நசுங்கிவிட்டது. ஓட்டியவர் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் இளைஞர். லீஸ் கம்பெனியிடமிருந்து நீண்ட கால வாடகைக்கு எடுத்து, அவருடைய நிறுவனம் அவருக்குக் கொடுத்த கார் அது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த கிளெய்ம் படிவத்தில் தேதி, இடம், நேரம் எல்லாம் எழுதிவிட்டார். கடைசிக் கட்டம்: உரிமையாளர் கையொப்பம், முத்திரை. அங்கே அவர் பேனா நின்றுவிட்டது. நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவு, லீஸ் கம்பெனியைக் கேட்கச் சொன்னது. லீஸ் கம்பெனி, உங்கள் நிறுவனத்திடமிருந்து கடிதம் வரட்டும் என்றது. காப்பீட்டு நிறுவனம், பாலிசிதாரரோடுதான் பேசுவோம் என்றது. மூன்று வாரம் கார் அசையவில்லை. லீஸ் தவணை மட்டும் தவறாமல் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

இப்படி அலைக்கழிக்கப்பட்ட பலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலும் ஆர்.சி.யும் பாலிசியும் லீஸ் கம்பெனி பெயரில் இருக்கும். லீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது உங்கள் நிறுவனம். நீங்கள் கையெழுத்துப் போடுவது எச்.ஆர். நீட்டும் ஒப்புதல் தாளில் மட்டும். லீஸில் உள்ள வண்டிக்கு, ஒப்பந்தப்படி அதை வைத்திருப்பவரே (இங்கே உங்கள் நிறுவனம்) உரிமையாளர் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு சொல்கிறது. அதற்காக உங்களுக்குப் பொறுப்பில்லை என்று இருந்துவிடாதீர்கள். காப்பீடு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுகிறவரும் குற்றவாளிதான். முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "பிரீமியத்தை ஆபீஸ் கட்டும் என்று நினைத்தேன்" என்ற பதில் காவலரிடம் எடுபடாது.

புதுக் காரில் ஒரு பொறி இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். "மூணு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது சார்" என்று எச்.ஆரில் சொல்வது இதைத்தான். காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் ஆண்டில் யாரும் அதைப் புதுப்பிக்காமல் விட்டால் பம்பர் செலவு உங்கள் தலையில் விடியும். பாலிசி நகலில் இரண்டு முடிவுத் தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது அடுத்த விஷயத்தில். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு 'உரிமையாளர்-ஓட்டுநர்' விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் உண்டு. கார் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தால் இந்தப் பாதுகாப்பையே கொடுக்க முடியாது. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி நீங்களே தடுப்பில் மோதி உயிர் போனால் உங்கள் வீட்டுக்கு அந்த 15 லட்சம் வராது. மூன்றாம் நபர் என்று சொல்லி வழக்குப் போடவும் வழி குறுகல்: இரவல் வண்டி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. சாவியைக் கொடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் பெயரில் தனி விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

கார் திருடுபோனாலோ முழுச் சேதமானாலோ காப்பீட்டுப் பணம் லீஸ் கம்பெனிக்குத்தான் போகும். பாக்கித் தவணைகளுக்கு அது போதாவிட்டால் மிச்சத்தை ஊழியரிடம் பிடிக்கலாம் என்று ஒப்புதல் தாளில் ஒரு வரி இருக்கலாம். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனைவியோ தம்பியோ ஓட்டலாமா என்பதையும் அங்கேயே பாருங்கள். செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி பொதுவாக ஏற்கும். நிறுவன விதி ஏற்காமல் போகலாம்.

சாவி வாங்கும் அன்றே ஒரு கடிதம் கேளுங்கள்: இந்தக் காரை இன்னார் ஓட்டுகிறார், கிளெய்ம் படிவத்தில் கையெழுத்திட அவருக்கு அதிகாரம் உண்டு என்று, லீஸ் கம்பெனியின் தாளில், முத்திரையோடு. "தேவைப்படும்போது தருகிறோம்" என்பார்கள். விடாதீர்கள். அந்த இளைஞருக்கு இல்லாமல் போனது இந்த ஒரு தாள்தான்.

இடித்துவிட்டால் வண்டியை நகர்த்தும் முன் படம் எடுங்கள், அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ். ரோட்டோரத்தில் பணம் கொடுத்து முடித்துவிடாதீர்கள். பின்னால் வழக்கு வந்தால் அந்தப் பணத்துக்கு ரசீது இருக்காது.

லீஸ் முடிந்து காரை நீங்களே வாங்கினால் 14 நாள் கணக்கை மறக்காதீர்கள். விற்பனை நடந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களோடு வரும். கார் சேதக் காப்பீடு வராது. நான்கு ஆண்டுகள் நீங்கள் கீறல் படாமல் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) பொதுவாகப் பழைய பாலிசிதாரருடையது; ஆனால் கார் உங்களுக்கு ஒதுக்கப்பட்டு நீங்கள் மட்டுமே ஓட்டியது என்று நிறுவனம் கடிதம் கொடுத்தால் அதை உங்களுக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லீஸ் கம்பெனி கையெழுத்திட்ட 29, 30 படிவங்களின் (பெயர் மாற்றப் படிவங்கள்) நகலை வைத்து அந்த வாரமே காப்பீட்டு நிறுவனத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.