"கிரீன் டீதானே டாக்டர்"

போன செவ்வாய்க்கிழமை ஓ.பி.யில் ஒரு அம்மா. 54 வயது, மேற்கு மாம்பலம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு கீமோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் போயிருந்தது. மூன்றாவது கீமோவுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி இயல்பைவிட ஆறு மடங்கு ஏறியிருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிக்குப் பார்த்தோம், இல்லை. ஸ்கேன் எடுத்தோம், கல்லீரலுக்கு நோய் பரவவில்லை. "வேற மருந்து, நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றார். எழுந்து போகும்போது மகள்தான் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, அந்த கேப்சூல்?"

"அது மருந்து இல்லடி, கிரீன் டீதானே!"

ஒன்றரை மாதமாக, ஒரு நாளைக்கு நான்கு கேப்சூல். யாரோ உறவினர் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தது. கீமோவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இந்த வருடம் நான் பார்த்ததில் இது மூன்றாவது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிரீன் டீ மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நம் நீலகிரியில் விளையும் அதே தேயிலைதான். பறித்தவுடன் சூடு காட்டி, கறுக்கவிடாமல் காயவைத்தால் கிரீன் டீ. பிடித்திருந்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடியுங்கள். ஆனால் அது புற்றுநோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று நம்பிக் குடிக்காதீர்கள்.

இப்படிச் சொன்னதும் எதிரில் இருப்பவர் தவறாமல் கேட்பது: "ஜப்பான்காரங்க தினமும் கிரீன் டீதான் குடிக்கிறாங்க, அவங்களுக்கு கேன்சரே வர்றதில்லையாமே?" காலை நடைக்குப் போகும் நடேசன் பூங்காவில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன், படித்த பொறியாளர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். இது முழுப் பொய். ஜப்பானில் 1981 முதல் இன்றுவரை மரணத்துக்கு முதல் காரணமே புற்றுநோய்தான். இரைப்பைப் புற்றுநோய் உலகத்திலேயே அதிகமாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. கிரீன் டீயைத் தண்ணீர் போலக் குடிக்கும் ஊரில்தான் இந்த நிலை.

அந்த ஊர்க்காரர்களே இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். வடக்கு ஜப்பானில் மியாகி என்ற பகுதியில் 26,311 பேரிடம் தினமும் எத்தனை கோப்பை குடிக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2001-ல் வந்தது. ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் குறையவே இல்லை. அதே பகுதியில் 40,530 பேரைத் தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2006-ல் வெளியானது. அதில் கிரீன் டீ அதிகம் குடித்தவர்களிடம் இதயநோய், பக்கவாதத்தால் வரும் மரணம் குறைவாக இருந்தது. புற்றுநோய் மரணத்தில் வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப்பில் வருவது முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதியை யாரும் அனுப்புவதில்லை.

"அப்போ ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்கன்னு போடுறாங்களே?" ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். எங்கே நடந்தது என்று கேளுங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள்மேல் கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின் என்ற பொருளை ஊற்றினால் செல்கள் சாகின்றன. ஆனால் அந்தத் தட்டில் ஊற்றும் அளவு, இரண்டு கோப்பை குடித்தபின் நம் ரத்தத்தில் சேரும் அளவைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு அதிகம். குடித்ததில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்கே வருவதில்லை.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது. 142 ஆய்வுகள், 11 லட்சம் பேருக்கு மேல். கிரீன் டீ புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இத்தாலியில் 60 ஆண்களிடம் செய்த சிறிய ஆய்வு ஒன்று 2006-ல் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது. பிறகு அமெரிக்காவில் இன்னும் கொஞ்சம் பேரை வைத்துச் செய்தபோது அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. எங்கள் துறையில் இது அடிக்கடி நடக்கும். முதல் சிறிய ஆய்வைப் பார்த்து நாங்களும் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

சரி, கேப்சூலுக்கு வருவோம். நான் பயப்படுவது இதற்குத்தான். கோப்பையில் இருப்பது கொதிநீரில் இறங்கிய சாறு. கேப்சூலில் இருப்பது பிழிந்து செறிவாக்கிய பொடி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில், மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகமுள்ள 1,075 பெண்களில் பாதிப் பேருக்கு இந்தச் சாற்றை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் ஆபத்தின் ஓர் அடையாளமான, மேமோகிராமில் தெரியும் மார்பக அடர்த்தி மொத்தத்தில் குறையவில்லை. ஆனால் கேப்சூல் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குக் கல்லீரல் நொதி அளவுகள் ஏறின. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. கிரீன் டீயில் உள்ள முக்கியமான கேட்டச்சின் இ.ஜி.சி.ஜி.; அதைக் கேப்சூலாகத் தினமும் 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. உங்கள் டப்பாவில் எத்தனை மில்லிகிராம் என்று திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா?

மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு போர்டெசோமிப் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிரீன் டீப் பொருள் அந்த மருந்தைப் போய்க் கட்டிப்போட்டுச் செயலிழக்க வைப்பதை 2009-ல் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் பார்த்தார்கள். தட்டில் பார்த்ததை நம்பாதே என்று சொல்லிவிட்டு இதை மட்டும் சொல்கிறேனே என்று கேட்கலாம். நன்மைக்கு நான் ஆதாரம் கேட்பேன். உயிர் காக்கும் மருந்தைக் கெடுக்குமோ என்றால் சந்தேகமே எனக்குப் போதும். நாடோலால் என்ற ரத்த அழுத்த மருந்து விஷயத்தில் மனிதர்களிடமே பார்த்துவிட்டார்கள், கிரீன் டீயோடு எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைகிறது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த டீயையும் அதோடு சேர்க்காதீர்கள்.

எந்த டீயானாலும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை நிறுத்துங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு மையம் 2016-ல் வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டு நிமிடம் ஆறட்டும்.

கிரீன் டீ குடிக்கிறேனே என்ற தைரியத்தில் மாவா என்ற புகையிலைக் கலவை போடுவதை விடாதவர்களையும், மார்பில் கட்டி தட்டுப்பட்டும் பொங்கலில் இருந்து ஆடி வரை காத்திருந்தவர்களையும் பார்த்துவிட்டேன். அந்த ஏழு மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. சென்னைப் பெண்களிடம் அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய், அடுத்து கருப்பை வாய்ப் புற்றுநோய். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரண்டுக்குமான முதற்கட்டப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கருப்பை வாய்க்குத் தடுப்பூசியே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்குப் போட்டாயிற்றா? புகையிலையை இன்றே விடுங்கள்.

சிகிச்சையில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் கேப்சூல், பொடி, கஷாயம், யாரோ கொடுத்த டானிக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே எடுத்து வாருங்கள். மருந்து எது, உணவு எது என்று நீங்கள் பிரிக்க வேண்டாம். திட்ட மாட்டேன். அந்த அம்மாவையும் நான் திட்டவில்லை. கேப்சூலை நிறுத்திய பிறகு அவருக்கு அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது, திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறோம்.