ராத்திரி இரண்டு மணி அலாரம்

பெரியப்பாவிடம் ஒரு சுகர் நோட்டு இருந்தது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று தேதி போட்டு எழுதியிருப்பார். மூன்று மாதக் கணக்கும் ஒரே பேனாவில் இருக்கும். டாக்டரைப் பார்க்கப் போகிற முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது நோட்டு இல்லை. மேல்கையின் பின்பக்கம், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. சர்க்கரையை விடாமல் அளக்கும் சென்சார் அது. அதிலிருந்து முடி போன்ற இழை தோலுக்குள் அரை சென்டிமீட்டர் ஆழம் போகிறது. அது தொடுவது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தை. இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கும். குளுக்கோஸ் அதில் வந்து சேரும்போது எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். அந்த மின்னோட்டம்தான் எண்ணாக மாறி, புளூடூத் வழியே போனில் இருக்கும் ஆப்புக்குப் போகிறது. நொதியையும் மின்முனையையும் சேர்க்கும் யோசனையை அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் 1962லேயே சொல்லிவிட்டார். விரலில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் அதன் வாரிசுதான்.

அப்படியானால் ஸ்ட்ரிப்பே போதாதா? விரலில் குத்தினால் 168 என்று வருகிறது. ஏறிக்கொண்டிருக்கும் 168ஆ, இறங்கிக்கொண்டிருக்கும் 168ஆ? இன்சுலின் போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆப் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி காட்டும். நான்கு இட்லி சாப்பிட்டதை அதில் குறித்து வைத்தால், கோடு எவ்வளவு உயரம் போய் எப்போது இறங்கியது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் இது தெரியாது. 60க்கும் 240க்கும் சராசரி 150தானே! அதனால்தான் 70க்கும் 180க்கும் நடுவே ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று ஆப் கணக்குப் போடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு 70 சதவீத நேரம் என்பது இலக்கு.

சென்சார் செலவு எல்லோருக்கும் கட்டாது. பதினான்கு நாளில் கழற்றிப் போட வேண்டிய வகைகளும் உண்டு. ஆனால் போன் உதவ சென்சார் கட்டாயமில்லை. சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஆப்கூடக் கிடையாது, வெறும் எஸ்எம்எஸ். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிக்கு உணவு, நடை பற்றிக் குறுஞ்செய்திகள் போயின. இரண்டு ஆண்டு முடிவில் செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான்.

சென்சாரிலும் பிசகு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அது அந்தத் திரவத்தில் தெரிய ஐந்து, பத்து நிமிடம் பிடிக்கும். ஆப் நார்மல் என்று சொல்லும்போதே, சர்க்கரை இறங்கியதுபோல் கை நடுங்கி வியர்த்தால், விரலில் குத்திப் பார்ப்பதுதான் சரி.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு பெரியப்பாவின் போன் அலறியது. 58. பெரியம்மா பதறிப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டார். 124. வட்டு ஒட்டியிருந்த கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அழுத்தத்தில் அந்த இடத்துக்கு ரத்தமும் திரவமும் சரியாக வராமல், இழைக்குக் குளுக்கோஸ் எட்டவில்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்ததும் கோடு மெல்ல மேலே வந்தது. டம்ளரில் இருந்ததைப் பெரியம்மா குடித்துவிட்டார்.