ஆம்புலன்ஸ் வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறான். "108-ல சேரலாமா அண்ணா? எனக்கு ரத்தத்தைப் பார்த்தா பயமே கிடையாது" என்றான். கேட்கிற எல்லோரும் இதைத்தான் முதல் தகுதியாக நினைக்கிறார்கள். ரத்தம் கொஞ்ச நாளில் யாருக்கும் பழகிவிடும். முதுகும் காதும் பழகத்தான் நாளாகும்.

சரி, படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை, பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற நர்சிங் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக டிப்ளமோ, பார்மசி படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். வயது 19 முதல் 30. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் கேட்கும் தேர்வு, நேர்முகம், அப்புறம் சுமார் 50 நாள் பயிற்சி. ஓட்டுநரை நாங்கள் பைலட் என்போம். அதற்குப் பத்தாம் வகுப்பு, 24 முதல் 35 வயது, 162.5 செ.மீ. உயரம், இலகுரக உரிமம் எடுத்து 3 ஆண்டு, வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் எடுத்து 1 ஆண்டு. ஆள் எடுக்கும் முகாமுக்கு முகாம் சிறு மாற்றம் இருக்கலாம், அந்தந்த அறிவிப்பைப் படித்துவிட்டுப் போங்கள். ஷிப்ட் 12 மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி வரும்.

இனி முதுகு. ஒரு மழை ராத்திரி, மூன்றாவது மாடியில் மூச்சுத்திணறல் என்று அழைப்பு. போய்ப் பார்த்தால் எழுபது வயது மதிக்கத்தக்க ஐயாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துச் சுற்றி நின்று விசிறுகிறார்கள். அவர் எழுந்திருக்கத் தவிக்கிறார், "அசையாதீங்கப்பா" என்று மகன் தோளை அமுக்குகிறார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் நுரையீரலில் நீர் கோத்தவரைப் படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டும். உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலைத் தொங்கவிட்டு, ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினோம். ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 78 சதவீதம்தான். மாடிப்படியோ ஒன்றரை ஆள் அகலம், ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் திரும்பாது, திரும்பினாலும் அவரை அதில் படுக்க வைக்க முடியாது. கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, மார்பை இறுக்காமல் இடுப்போடு புடவையால் கட்டி, பைலட் அண்ணன் மேலே பிடிக்க நான் கீழே பிடித்துப் பின்பக்கமாக இறங்கினேன். மகன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ரெண்டு படி, இப்போ திருப்பம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார், சின்ன சிலிண்டரைப் பக்கத்து வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டான். நாற்பது படிக்கு மேல். தைரியம் வேண்டியிருக்கவில்லை, முட்டியை மடக்கித் தூக்கத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, பதறிக்கொண்டிருந்த ஒரு மகனுக்கு ஒரு வேலையைக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

காதைப் பற்றியும் சொல்கிறேன். பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணிய ஒருவரை ஏற்றுகிறோம். "எப்போதிலிருந்து?" என்றால் வீட்டில் "காலையிலிருந்து" என்பார்கள். அந்தப் பதிலோடு விட்டுவிடக் கூடாது. எழுந்திருக்கும்போதே இப்படியா, காபி குடிக்கும்போது டம்ளரைச் சரியாகப் பிடித்தாரா, யாரிடமாவது போனில் பேசினாரா என்று தோண்ட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. நாம் வண்டியில் கேட்டு எழுதிக்கொண்டு போகும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். கூட வந்தவர்கள் அழுதுகொண்டும் சில சமயம் நம்மைத் திட்டிக்கொண்டும் இருக்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். முன்பு தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தபோது, முந்தைய ஷிப்ட் பார்த்திருப்பார்கள் என்று நம்பி சிலிண்டரைத் திறந்து பார்க்காமல் வண்டியில் ஏறினேன். பாதி வழியில் ஆக்சிஜன் அளவு காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மிச்ச தூரம் முழுக்க கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே போனேன். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அன்றைக்கு அவருடைய உதடு இருந்த நிறம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து ஷிப்டுக்குள் நுழைந்ததும் சிலிண்டரைத் திறந்து முள்ளைப் பார்ப்பேன், வாயில் சேரும் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் கருவியைப் போட்டுக் குழாய் முனையில் விரலை வைத்து இழுக்கிறதா என்று பார்ப்பேன், பிரசவ கிட் பிரிக்கப்படாமல் இருக்கிறதா, குழந்தைகளுக்கான மாஸ்க் இருக்கிறதா என்று கையால் தொட்டு எண்ணுவேன். அதற்கப்புறம்தான் டீ.

சில கேஸ் வீடு வரைக்கும் கூட வரும், குறிப்பாகக் குழந்தைகள். நான் பைலட் அண்ணனிடம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். நீங்களும் யாரிடமாவது பேசுங்கள், மூடி வைக்காதீர்கள்.

அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை ஒரு முதலுதவி வகுப்புக்குக் கூட்டிப்போனேன். நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்தும் சி.பி.ஆர். பயிற்சி. பொம்மையின் நடுமார்பில் கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தச் சொன்னேன். ஒன்றேகால் நிமிடத்திலேயே முழங்கை மடங்கி, அழுத்தம் மேலோட்டமாகிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் பொம்மை பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.