775இலிருந்து 311ஐக் கழித்தால்

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு தோல் சுவடி இருக்கிறது. மோசேயின் ஆகமங்கள், அதாவது பைபிளின் தொடக்க நூல்கள், அரமேயத்தின் ஒரு வடிவமான சிரியாக் மொழியில். ஆமித் நகரில், அதாவது இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில், யோவான் என்ற உதவிக்குரு எழுதியது. எழுதி முடித்தவர் ஆண்டையும் குறித்துவைத்தார்: 775.

இது கி.பி. 775 அல்ல. சிரியாக் எழுத்தர்கள் பின்பற்றியது ‘கிரேக்கர் ஆண்டு’. அது கி.மு. 312 அக்டோபரில் தொடங்குகிறது. ஆகவே 311ஐக் கழிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் 312. அதனால்தான் இதன் காலத்தை 463-464 என்று சேர்த்துச் சொல்கிறார்கள். எழுதிய ஆண்டைத் தானே சொல்லும் பைபிள் சுவடிகளில், எந்த மொழியிலும், இவ்வளவு பழையவை மிக அரிது.

ஆனால் பெரும்பாலான பழஞ்சுவடிகளில் இந்தக் குறிப்பு இல்லை. அது இருப்பது வழக்கமாகக் கடைசித் தாளில். முதலில் கிழிந்துபோவதும் அதுதான். அப்புறம் எழுத்தைத்தான் கேட்க வேண்டும். ஆண்டு தெரிந்த சுவடிகளை வரிசைப்படுத்தி, தெரியாததை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எதெஸ்ஸாவில் (இன்றைய துருக்கியின் உர்ஃபா) 411இல் எழுதப்பட்ட ஒரு சுவடி (அது பைபிள் அல்ல) இந்த வரிசையின் தொடக்கம். 586இல் எழுதிய ரபூலா சுவிசேஷம் என்ற சிரியாக் சுவடி இன்னொரு மைல்கல்.

சிரியாக்கின் பழைய எழுத்துவடிவமான எஸ்திரங்கெலாவில் முதல் எழுத்தான ‘ஆலஃப்’ கோணல்மாணலான உருவம். பின்னாளில் பரவிய செர்த்தோ என்ற எழுத்துவடிவில் அது ஒற்றைக் கோடு. சரி, எஸ்திரங்கெலா என்றாலே பழையதா? இல்லை. சுமார் கி.பி. 1000இல் இன்றைய தென்கிழக்குத் துருக்கியின் தூர் அப்தீன் வட்டாரத்தில் அந்த எழுத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். நல்ல கண்களையும் ஏமாற்றக்கூடிய இடம் இது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் புள்ளிதான். ம-ல்-க் என்ற அதே எழுத்துகளுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் ‘மல்கா’, அரசன்; கீழே வைத்தால் ‘மெல்கா’, ஆலோசனை. பழைய சுவடிகளில் இப்படி ஒற்றைப் புள்ளியே போதும். முழு உயிர்க்குறிகள் பிற்காலத்தவை. ஆனால் அவற்றைப் பின்னால் வந்த ஒருவர் சேர்த்திருக்கலாம். மையின் நிறம் மாறுகிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

கார்பன் சோதனையும் உண்டு. அதற்குத் தோலில் ஒரு துணுக்கை வெட்டித் தர வேண்டும், விடையோ பல பத்தாண்டுகள் அகலமானது. அதைவிட உறுதியான எல்லையைச் சில சமயம் சுவடி யாருடையது என்று சொல்லும் ஓர் உரிமைக்குறிப்பே தந்துவிடுகிறது. நிசிபிஸ் ஊர் மோசே என்ற மடாதிபதி, எகிப்தின் தேர் அல்-சூர்யான் மடத்துக்கு 932இல் 250 சுவடிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அதைப் பல சுவடிகளில் எழுதியும் வைத்தார். அந்தக் குறிப்பு உள்ள சுவடி எதுவானாலும், 932க்குப் பிறகு எழுதியதாக இருக்க முடியாது.