சாலை காலியானது, ஓசோன் ஏன் குறையவில்லை?

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், பஞ்சாபின் ஜலந்தர் மொட்டை மாடிகளிலிருந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் இமாச்சலத்தின் தௌலாதார் பனிமலை தெரிந்தது. அப்போது பரவிய படங்கள் உண்மைதான். ஆனால் வண்டி நின்றாலே காற்று சுத்தமாகிவிடும் என்று அவற்றைப் பார்த்துப் பலர் சொன்னது பாதிதான் சரி.

டெல்லியில் சட்டென்று விழுந்தது, வண்டிப் புகையால் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு. முந்தைய ஆண்டின் அதே வாரங்களை விட ஏறத்தாழ பாதி. அதன் ஆயுள் சில மணி நேரமே. புகைக்குழாய் நின்றதும் அளவு இறங்கிவிடும். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் அப்படியல்ல. வண்டிப் புகையோடு விறகடுப்பு, குப்பை எரிப்பு, புழுதி, அனல்மின் நிலையம் எல்லாம் அதில் சேரும், நாள்கணக்கில் மிதக்கும். அதுவும் குறைந்தது, ஆனால் மிச்சம் இருந்தது.

நாம் மூச்சிழுக்கும் காற்றில் மாசாக இருக்கும் ஓசோன் (வானத்து ஓசோன் படலம் அல்ல) எந்தக் குழாயிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், கரைப்பான் போன்றவற்றின் ஆவிகளும் வெயிலில் சேர்ந்து உண்டாக்குவது அது. வேடிக்கை என்னவென்றால், வண்டி கக்கும் நைட்ரிக் ஆக்சைடே நகர மையத்தில் ஓசோனைத் தின்கிறது. வண்டிகள் நின்றதும் தின்ன ஆளில்லை. ஏப்ரல் வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. சில கண்காணிப்பு நிலையங்களில் ஓசோன் கூடவே செய்தது. பெய்ஜிங்கில் 2020 பிப்ரவரியில், போக்குவரத்து முடங்கியிருந்தபோதும் அடர்ந்த புகைமூட்டம் கவிந்ததற்கு ஈரப்பதமும் அசையாத காற்றும் இதே போன்ற வேதிவினையும் காரணம்.

ஒப்பிடும்போது பலர் செய்த தவறு, ஏப்ரலை ஜனவரியோடு வைத்துப் பார்த்தது. குளிரில் மாசு தரையோடு அடைந்து கிடக்கும். வெயில் ஏறினால் காற்று உயரம் வரை கலந்து, ஊரடங்கே இல்லாமலும் துகள் குறையும். முந்தைய ஆண்டுகளின் அதே வாரங்களோடுதான் ஒப்பிட வேண்டும். மழை பெய்த நாட்களையும் தனியே பிரிக்க வேண்டும்.

கரியமில வாயு வேறு கணக்கு. 2020 மே மாதம் ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் அது 417 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 417 பங்கு) என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. ஓராண்டு வரத்து கொஞ்சம் குறைந்ததால் ஏற்கெனவே சேர்ந்த இருப்பு கரையாது.

செல்போனில் காற்றுத் தரக் குறியீடு பார்ப்பவர்களுக்கு ஒன்று: நம் நாட்டுக் கணக்கில் அந்த ஒற்றை எண், அளந்த மாசுகளில் மிக மோசமானதன் எண் மட்டுமே. எது என்று கீழே போட்டிருக்கும். பி.எம். 2.5 என்றால் சரியாகப் பொருந்திய என்95 முகக்கவசம் உதவும். ஓசோன் என்றால் உதவாது, அது வாயு. நண்பகல் முதல் மாலை நான்கைந்து மணி வரை வெளியே ஓட்டப் பயிற்சியைத் தவிர்த்து, காலையில் ஓடுங்கள்.